பன்னிரண்டு நாள்

மேல்முறையீட்டு அலுவலகத்திலிருந்து வந்த கடிதம் அரைப் பக்கம்தான். வரி உத்தரவு அரங்கசாமியின் பட்டறைக்குக் கிடைத்தது ஜனவரி 21. மேல்முறையீடு செய்ய முப்பது நாள். அது பிப்ரவரி 20 அன்று முடிந்துவிட்டது. மனு வந்து சேர்ந்ததோ மார்ச் 4. ஆகப் பன்னிரண்டு நாள் தாமதம். ஏன் தள்ளுபடி செய்யக் கூடாது என்பதை மார்ச் 27 அன்று காலை பதினொரு மணிக்கு நேரில் வந்து சொல்லவும்.

பக்ருன்னிசா கடிதத்தை மேஜைமேல் வைத்து அதன்மீது ஸ்டேப்ளரைப் பாரமாக வைத்தாள்.

“இது தப்புங்க தம்பி,” என்றாள்.

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்த அரங்கசாமி, “யாரு பண்ணின தப்புங்க்கா?” என்றான்.

“அது தெரியலை. நாள் எண்ணினது நானு. அதுல தப்பு வராது.”

இதைச் சொல்ல அவளுக்குக் கூச்சம் இல்லை. டவுன்ஹால் பக்கத்து மாடியறையில் இருபத்துநான்கு வருஷமாக வரி ஆலோசகராக இருக்கிறாள். அதற்கு முன் பதினொரு வருஷம் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்ட். பெரிய ஆடிட்டர்கள்கூடக் கெடு விஷயத்தில் சந்தேகம் வந்தால் ஆளனுப்பிக் கேட்பார்கள். அவளிடம் கம்ப்யூட்டர் இருந்தது. நாள் எண்ணுவதற்கு மட்டும் அதைத் தொடமாட்டாள். மாதக் காலண்டரை மேஜையில் விரித்து, உத்தரவு கிடைத்த நாளை விட்டுவிட்டு, மறுநாளிலிருந்து ஒவ்வொரு கட்டத்திலும் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பாள். முப்பதாவது புள்ளி விழுந்த கட்டத்தைச் சுற்றி வட்டம். அரங்கசாமிக்கு அந்த வட்டம் மார்ச் 5இல் விழுந்திருந்தது. மார்ச் 4ஆம் தேதி காலையிலேயே மனுவைக் கொடுத்து முத்திரை வாங்கியாகிவிட்டது. ஒரு நாள் கையில் மிச்சம்.

அந்தக் கணக்கெல்லாம் உத்தரவு பிப்ரவரி 3 அன்று கைக்கு வந்தது என்பதிலிருந்து தொடங்கியது. அரங்கசாமி சொன்ன தேதி அது. அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு அவன் உத்தரவைப் படம் பிடித்து அவளுக்கு அனுப்பியிருந்தான். படம் இன்னும் போனில் இருந்தது. ஆனால் படம் அவன் பார்த்த நாளைச் சொல்லுமே தவிர, உத்தரவு வந்த நாளைச் சொல்லாது. உத்தரவை வாங்கிக் கையெழுத்திட்ட சீட்டின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். கேட்கவில்லை. அது தன் குறை என்று அவள் மனதுக்குள் ஒத்துக்கொண்டாள்.

“உங்க கையிலயா குடுத்தாங்க?”

“இல்லீங்க்கா. நான் அவிநாசி போயிருந்தேன். பெரியக்காதான் கையெழுத்துப் போட்டு வாங்கிச்சு. பொழுதோட வந்ததும் எடுத்துக் குடுத்துச்சு.” பிறகு, “முன்னாடியே வாங்கி எங்காச்சும் வச்சு மறந்துபோட்டு, அன்னைக்குத்தான் ஞாபகம் வந்து குடுத்திருக்குமோ என்னமோ,” என்றான்.

“கேட்டீங்களா?”

“கேட்டா அழுவுங்க. அதுக்குப் பிள்ளை குட்டி இல்லை. பட்டறை தான் எல்லாம். தன்னால பட்டறை போச்சுன்னு தெரிஞ்சா…”

காரமடையில் மோட்டார் பம்புகளுக்கு வார்ப்பு எடுக்கும் பட்டறை. பதினான்கு பேர் வேலை செய்கிறார்கள். வழக்கு பழைய வாட் வரிக் காலத்தது. ஒருமுறை மேலே போய்த் திரும்பி, மறுபடியும் கணக்கிடப்பட்டு, மறுபடியும் உத்தரவாக வந்திருக்கிறது. மேல்முறையீடு உள்ளே போகாவிட்டால் அடுத்து வருவது ஜப்தி நோட்டீஸ்தான். அது இருவருக்கும் தெரியும்.

“அக்கா, அப்பீல் ஆபீஸ்ல ஒரு கிளார்க் சொன்னாரு. மொத்தம் அறுபது நாளுக்குள்ள வந்துட்டதுனால தாமத மன்னிப்பு மனு ஒண்ணு போட்டா அதிகாரி மேடம் ஏத்துக்குவாங்களாம். காய்ச்சல்னு எழுதினாப் போதுமாம். டாக்டர் சீட்டு நான் வாங்கியாந்தர்றேன்.”

“உங்களுக்குக் காய்ச்சல் வந்துச்சா?”

“வந்துச்சுங்க. போன ஆடியில.”

பக்ருன்னிசா சிரித்துவிட்டாள். அரங்கசாமியும் சிரித்தான். பிறகு அவள், “எழுத மாட்டேன்,” என்றாள்.

வக்கீலிடம் டைப் அடித்த காலத்தில் ஒரு நூல் வியாபாரிக்காக அப்படி ஒரு மனு அடித்திருக்கிறாள். மஞ்சள் காமாலை, பதினைந்து நாள் படுக்கை என்று சத்தியப் பிரமாணம். விசாரணையில் அதிகாரி தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: “அவிநாசியில உங்க மச்சினன் கல்யாணத்துல எனக்கு ரெண்டாவது தடவை பாயசம் ஊத்தினது நீங்கதானே?” மனு தள்ளுபடி. வழக்கில் நியாயம் முழுக்க வியாபாரி பக்கம்தான் இருந்தது. யாரும் அதைக் கேட்கவே இல்லை. அந்தப் பிரமாணத்தின் கடைசி வரியைத் தான் அடித்தபோது நாடா மங்கலாக இருந்ததும், இரண்டாம் முறை அழுத்தி அடித்ததும் அவளுக்கு இன்றும் நினைவிருக்கிறது. அஞ்சல் வழியில் பி.காம். முடித்துச் சொந்தமாக அறை எடுத்தபோது, முதல் வாரமே ஒரு முடிவு எடுத்தாள். தாமதமானால் தாமதம், உண்மைக் காரணம் எழுதுவது. தாமதமாகாவிட்டால் அந்தத் தலைப்பிலேயே தாள் போடுவதில்லை.

வீட்டில் அன்று நோன்பு திறந்தபின் கணவர் அப்துல் மஜீதிடம் சொன்னாள். அவருக்குப் பழைய மார்க்கெட் பக்கம் தராசு பழுதுபார்க்கும் கடை. எதையும் இரண்டு தட்டில் வைத்துத்தான் யோசிப்பார்.

“ரெண்டையும் போட்டு வையேன். தாமதம் இல்லைங்கிறது ஒண்ணு. அப்படியே தாமதம்னாலும் மன்னிச்சுக்குங்கன்னு இன்னொண்ணு.”

“ரெண்டும் ஒரே ஆளு சத்தியம் பண்ணிச் சொல்றதுங்க. ஒரு தாள்ல சரியான நாளுக்கு வந்தேன்கிறான். இன்னொரு தாள்ல காய்ச்சல்ல கெடந்தேன்கிறான். படிக்கிறவங்க எதை நம்புவாங்க?”

“நம்பலைன்னா பட்டறை போயிருமே நிசா. உனக்கு இல்லை, அந்தாளுக்கு.”

அவள் பேரீச்சங்கொட்டையைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். அவர் சொன்னது சரி. எண்ணிக்கை அவளுடையது, பட்டறை அவனுடையது. அந்த அக்கா உண்மையிலேயே பதின்மூன்று நாள் மறந்து வைத்திருந்தால், காய்ச்சல் வேண்டாம், மறதி என்று நேராக எழுதி மன்னிப்புக் கேட்க வேண்டியதுதான். எது உண்மை என்று முதலில் தெரிய வேண்டும்.

மறுநாள் மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏறிக் காரமடையில் இறங்கினாள்.

பட்டறையை ஒட்டியே வீடு. அரங்கசாமியின் பெரியக்கா பழனியாத்தாள் வாசலில் தொழிலாளர்களுக்கு மோர் கலக்கிக்கொண்டிருந்தாள். அறுபத்துநான்கு வயதுக்கு நிமிர்ந்த உடம்பு. பக்ருன்னிசாவைப் பார்த்ததும் ஒரு செம்பை நீட்டினாள்.

“வாங்க அம்மணி. குடிங்க, வெய்யில்ல வந்திருக்கீங்க.”

“நோன்புங்க்கா.”

“நோம்பியா? என்ன நோம்பிங்க இப்ப?” என்றவள், உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். “அட, உங்க நோம்பு! பாருங்க, எங்க நோம்பின்னா திங்கிறது, உங்களுதுன்னா பட்டினி. சித்தெ நெழல்ல உக்காருங்க.”

பக்ருன்னிசா உட்கார்ந்தாள். சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

“அக்கா, வரி ஆபீஸ்ல இருந்து ஒரு கவர் வந்துச்சில்லீங்க, அது எந்தத் தேதி?”

பழனியாத்தாளின் முகம் சுருங்கியது. “அவன் உங்ககிட்டயும் சொல்லிப்போட்டானா? நான் மறந்து வச்சுட்டேன்னு நெனச்சுக்கிட்டு மூணு நாளா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரியறான். மத்தியானம் வாங்கினேன். பொழுதோட குடுத்தேன். சாமி சத்தியமா அம்மணி.”

“அதான் எந்தத் தேதின்னு…”

“தை இருவத்தொண்ணுங்க.”

பக்ருன்னிசா சட்டென்று நிமிர்ந்தாள்.

“சீட்டுல தேதி போடச் சொன்னாங்களா?”

“சொன்னாருங்க. பேரெழுதி, பக்கத்துல தை 21ன்னு போட்டேன். ஏனுங்க, போடக் கூடாதுங்களா?”

“எப்பவும் அப்படித்தான் போடுவீங்களா?”

“வேற எப்படிப் போடுவாங்க?” பழனியாத்தாள் எழுந்து அடுப்படிக்குள் கூட்டிக்கொண்டு போனாள். கேஸ் சிலிண்டரின் தோளில் சாக்பீஸால் ‘மாசி 9’ என்று எழுதியிருந்தது, மாட்டிய நாள். சுவரில் கரியால் ‘கார்த்திகை 4’. மாட்டுக்குச் சினை ஊசி போட்ட நாள். ரேஷன் கார்டு உறையின் முதுகில், ரேடியோ பெட்டியின் அடியில், ஊறுகாய் ஜாடியில், எல்லா இடத்திலும் தமிழ் மாதம்தான்.

பக்ருன்னிசா கைப்பையிலிருந்து காலண்டரை எடுத்தாள். ஒவ்வொரு கட்டத்திலும் பெரிய ஆங்கிலத் தேதிக்குக் கீழே பொடி எழுத்தில் தமிழ்த் தேதியும் இஸ்லாமியத் தேதியும் இருக்கும். பிறை பார்ப்பதற்காக அந்தப் பொடி எழுத்தைச் சின்ன வயதிலிருந்தே படித்துப் பழகியவள். தை 21 இருந்த கட்டத்தில் விரலை வைத்தாள். பிப்ரவரி 3, திங்கள்.

“தையை ஜனவரின்னு போட்டுட்டாங்க,” என்றாள்.

“யாருங்க?”

“கம்ப்யூட்டர்ல ஏத்தினவங்க. அதுல தைன்னு போட எடம் இருக்காது. நம்பர்தான் கேக்கும்.” அவளுக்குச் சிரிப்பு வந்தது. “கொண்டாந்து குடுத்தது யாருங்க்கா?”

“பேரு கேக்கலீங்க. ஆளைப் பாத்தா சொல்லிப்போடுவேன்.”

அது போதும் என்று பக்ருன்னிசாவுக்குத் தோன்றியது. ஊருக்குத் திரும்பியதும் இரண்டு வரிக் கடிதம் அடித்தாள். வாங்கிய சீட்டின் அசலை விசாரணைக்குக் கொண்டுவர வேண்டும். உத்தரவைக் கொண்டுபோய்க் கொடுத்த ஊழியரும் வர வேண்டும். தாமத மன்னிப்பு பற்றி ஒரு சொல்லும் இல்லை.

மார்ச் 27. அதிகாரி மதுரைப் பக்கத்துப் பெண்மணி. நிதானமானவர், ஆனால் யாரையும் இரண்டாம் முறை பேச விடமாட்டார் என்று பெயர். வரி அலுவலகத்துக்காக ஜெரால்டு வந்திருந்தார். பக்ருன்னிசாவுக்குப் பத்து வருஷப் பழக்கம். எதிர்த்து வாதாடுவார், பொய் சொல்லமாட்டார். அவருக்குப் பின்னால் கோப்புக் கட்டைத் தூக்கிக்கொண்டு அலுவலக உதவியாளர் ஒருவர் சுவரோரமாக நின்றார். அரங்கசாமியும் பழனியாத்தாளும் கடைசி பெஞ்சில்.

“மன்னிப்பு மனு எங்கேம்மா?” என்றார் அதிகாரி.

“போடலீங்க மேடம். தாமதமே இல்லை.”

“நாளை எப்படிக் கணக்குப் பண்ணினாலும் ஜனவரி 21லிருந்து…”

“சீட்டின் அசலைப் பாக்கணுங்க.”

ஜெரால்டு கோப்பைப் பிரித்துச் சீட்டை நீட்டினார். அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். “பழனியாத்தாள், தை 21.”

“தைன்னா ஜனவரி தானுங்க மேடம்,” என்றார் ஜெரால்டு. “பொங்கல் ஜனவரியிலதானே கொண்டாடறோம்?”

“சார், ஜனவரியில பதிமூணு நாள் போனதுக்கு அப்புறம்தான் உங்க பொங்கலே வருது,” என்றாள் பக்ருன்னிசா. “அன்னைக்குத்தான் தை ஒண்ணு. இருபத்தொண்ணு பிப்ரவரி மூணுல விழும்.” காலண்டரை அதிகாரியின் முன்னால் விரித்தாள்.

அதிகாரி குனிந்து பார்த்தார். சின்னப் புன்னகை வந்து மறைந்தது. ஆனால் காலண்டரை மூடினார்.

“இது சரி. ஆனா பொதுவா ஜனங்க ஜனவரியவே தைன்னு சொல்றது உண்டு. அவங்க எதை நினைச்சு எழுதினாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

பக்ருன்னிசா இதை எதிர்பார்த்திருந்தாள். “அவங்க வந்திருக்காங்க. நீங்களே கேளுங்க மேடம்.”

பழனியாத்தாள் முன்னால் வந்தாள். கும்பிட்டாள்.

“இன்னிக்கு என்ன தேதிம்மா?”

“பங்குனி பதிமூணுங்க.”

“இங்கிலீஷ் தேதி?”

“அது இவனுக்குத்தானுங்க தெரியும்,” என்று தம்பியைக் கைகாட்டினாள். “சம்பளம் போடறவனுக்குத்தான் அது வேணும். எனக்கு எதுக்குங்க?”

“விசாரணைக்கு வர்றோம்னு பாடம் பண்ணிட்டு வந்திருக்கலாம் மேடம்,” என்றார் ஜெரால்டு. அதில் குரோதம் இல்லை. அவர் வேலை அது.

பக்ருன்னிசா திரும்பிப் பார்த்தாள். அரங்கசாமி பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்திருந்தான். ஒரு கணம் அப்துல் மஜீதின் இரண்டு தட்டு நினைவுக்கு வந்தது. இந்த மேஜையில் மன்னிப்பு மனு ஒன்று இருந்திருந்தால் இப்போது அவன் மூச்சுவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

“மேடம், கொண்டுபோய்க் குடுத்தவரையும் வரச் சொல்லிக் கேட்டிருந்தேன்,” என்றாள்.

“இவர்தாங்க, அழகிரிசாமி,” என்று ஜெரால்டு சுவரோரம் நின்றவரைக் காட்டினார். “மாசத்துக்கு எழுபது எண்பது தபால் குடுக்கிறவர். எந்த ஊட்டுல எந்த நாள்னு ஞாபகம் இருக்காதுன்னு என்கிட்டயே சொல்லிட்டார்.”

அழகிரிசாமி சங்கடமாகத் தலையாட்டினார். ஆனால் பழனியாத்தாள் அவரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்க, நீங்க தானுங்களா அது! வேட்டி கட்டிட்டு வந்ததுல பாத்தது, பேண்ட்டுல அடையாளம் தெரியலை. வெறுங்கால்ல வந்தீங்களே. பழனிக்கு மாலை போட்டிருந்தீங்களே. சூடு தாங்காம காலை மாத்தி மாத்தி வச்சீங்கன்னு நான் சாக்கு எடுத்துப் போட்டு நிக்கச் சொன்னேன். மோரு குடுத்தேன், விரதமுங்க, வெளியில தொடறதில்லைன்னுட்டீங்க.”

அழகிரிசாமியின் முகம் மாறியது. “ஆமாங்க! இரும்புத் தூளு கெடந்த வாசல். சாக்கு போட்டது நீங்களா?” பிறகு ஜெரால்டு பக்கம் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

அதிகாரி பேனாவை எடுத்தார். “மாலை எப்பப் போட்டீங்க?”

“பூசத்துக்குப் பதினோரு நாள் முந்திங்க மேடம். வருசா வருசம் அப்படித்தான். இந்த வருசம் வெள்ளிக்கிழமை.”

பக்ருன்னிசா காலண்டரை மறுபடி திறக்கவில்லை. அதிகாரியே இழுத்துத் திறந்தார். தைப்பூசத்திலிருந்து விரலால் பின்னோக்கி எண்ணினார். ஒவ்வொரு கட்டமாக, பென்சில் இல்லாமல், பக்ருன்னிசா எண்ணுவது போலவே.

“ஜனவரி 31, வெள்ளி,” என்றார். “அதுக்கு முன்னாடி வெறுங்காலோட எங்கேயும் போயிருக்க மாட்டீங்க?”

“இல்லீங்க மேடம். அது வரைக்கும் பேண்ட்டு, செருப்போடதான் வேலைக்கு வந்தேன்.”

ஜெரால்டு தன் கோப்பை மூடி, “ஒரு நிமிஷம் மேடம்,” என்று போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவர் யாரையோ ஏதோ நோட்டைப் புரட்டச் சொல்வது தெரிந்தது. அரங்கசாமி எழுந்து நின்றுவிட்டான். பழனியாத்தாள் அவனைப் பார்க்கவே இல்லை.

ஜெரால்டு உள்ளே வந்தார்.

“வெளிய போற நோட்டுல பாக்கச் சொன்னேன் மேடம். ஜனவரி 21 அன்னைக்கு இவர் நாள் பூரா கருவூலத்துல. காரமடைக்குப் போனது பிப்ரவரி 3.” கோப்பை மேஜையில் வைத்து, “நாங்கதான் தப்பா ஏத்திட்டோம்,” என்றார்.

“எழுதிக் குடுங்க,” என்றார் அதிகாரி.

அவர் சொல்லச் சொல்ல ஸ்டெனோ அடித்தார். உத்தரவு சேர்க்கப்பட்ட நாள் பிப்ரவரி 3. மனு தாக்கலான நாள் மார்ச் 4. இருபத்தொன்பதாம் நாள். மனு உரிய காலத்துக்குள் வந்தது, கோப்பில் ஏற்கப்படுகிறது. சீட்டில் எழுதியிருந்ததை உள்ளபடியே குறிக்க வேண்டும் என்று சொல்லி, “தை 21” என்பதைத் தமிழிலேயே அடிக்கச் சொன்னார்.

படியிறங்கும்போது அரங்கசாமி அக்காவின் பக்கத்தில் நடந்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

“பேசாதே,” என்றாள் பழனியாத்தாள். “மூணு நாளு சோறு எறங்கலை எனக்கு. உனக்கென்ன, கம்முனு தின்ன.”

“தப்புதான் அக்கா.”

“தப்புதான்.” அவள் சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “சாயங்காலம் கோழி எடுத்துட்டு வா. அழகிரிசாமி அண்ணனையும் கூப்புடு, இப்ப விரதம் இல்லையல்லோ.”

வாசலில் ஜெரால்டு வண்டியை எடுத்துக்கொண்டிருந்தார். “அக்கா, ஒரு மன்னிப்பு மனு போட்டிருந்தா நான் எதிர்த்திருப்பேன்,” என்றார் பக்ருன்னிசாவிடம். “காய்ச்சல்னு எழுதியிருந்தீங்கன்னா விட்டிருக்க மாட்டேன்.”

“தெரியும் சார். அதான் போடலை.”

அவர் போனபின் அரங்கசாமி அருகில் வந்தான். முகம் முழுக்கச் சிரிப்பு. “அப்ப ஜெயிச்சுட்டமுங்களா அக்கா?”

“ஜெயிக்கலீங்க தம்பி. கதவைத் தொறந்து உள்ள விட்டிருக்காங்க, அவ்வளவுதான். வழக்கு இனிமேதான்.” பக்ருன்னிசா கடிகாரத்தைப் பார்த்தாள். லுஹர் தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது. “அந்த வருஷத்து வார்ப்பு பில்லு பூராவும் திங்கக்கிழமைக்குள்ள வேணும். ஒண்ணு விடாம. திங்கக்கிழமை பெருநாள் வந்துச்சுன்னா செவ்வாய்க்கெழமை காலையில.”